சைக்கிளோடு ஒரு இன்ச் டேப்பும் வாங்குங்கள்

புதிதாக சைக்கிள் ஓட்டத் தொடங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "வேற என்னென்ன வாங்கணும்?" என்பதுதான். ஹெல்மெட், கையுறை, பேடு வைத்த டிரவுசர், கண்ணாடி, லைட்டு, பை என்று பட்டியல் போட்டால் சைக்கிளின் விலையையே தாண்டிவிடும். என்னைக் கேட்டால் முதலில் ஒரு இன்ச் டேப் என்பேன். இழுத்தால் நீண்டு, விட்டால் சரக்கென்று உள்ளே ஓடுமே, தச்சுவேலைக்காரர்கள் வைத்திருக்கும் ஸ்டீல் டேப், அது. தையற்காரர் கழுத்தில் தொங்கும் துணி டேப்பும் ஒன்று இருந்தால் இன்னும் வசதி. சீட் உயரம், ஹெல்மெட் சைஸ், செயின் தேய்மானம், பிள்ளைக்கு எந்த சைக்கிள் என்பதில் தொடங்கி, ஹேண்டில்பாரில் மாட்டும் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் உண்மை சொல்கிறதா பொய் சொல்கிறதா என்பது வரை பாதிச் சிக்கல் அளந்து பார்த்தாலே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் காசு.

1. சீட்டு உங்கள் காலுக்குப் பொருந்த வேண்டும்

செருப்பைக் கழற்றிவிட்டு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே செருகி, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே தூக்கிப் பிடியுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அதை 0.883ஆல் பெருக்கினால் வருவதுதான், பெடல் தண்டுகள் இரண்டும் சேர்ந்து சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம். கால் நீளம் 78 செ.மீ. என்றால் சீட் உயரம் சுமார் 69 செ.மீ. இதுவே முடிவு என்று இல்லை, இங்கிருந்து தொடங்கலாம், அவ்வளவுதான். சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்துப் பாருங்கள், கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். சரி, அதுதான் உயரம்.

புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே சீட்டைத் தாழ்வாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள், உட்கார்ந்தபடியே இரண்டு கால்களும் தரையில் பதிய வேண்டும் என்ற பயத்தில். பயம் நியாயமானதுதான், ஆனால் முட்டியின் முன்பக்கம் வலிக்க ஆரம்பிப்பது அதனால்தான். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகுங்கள், ஒரு சாயங்காலத்தில் வந்துவிடும். முட்டியின் பின்பக்கம் வலித்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ சீட்டு ரொம்ப உயரம். ஏற்றுவதும் இறக்குவதும் அரை சென்டிமீட்டராக இருக்கட்டும். சீட்டுக் கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அந்தக் கோடு வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும் உயர்த்தாதீர்கள், கம்பி வளையும், சட்டமும் கீறும்.

2. டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

டயரின் ஓரத்தில் 37-622 என்பது போல ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கம்ப்யூட்டருக்கும் இதே எண் வேண்டியிருக்கும். டயர் டியூப் வாங்கப் போகும்போது "26 இன்ச்" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் 26 இன்ச் என்ற ஒரே பெயரில் 559-ம் உண்டு, 590-ம் உண்டு, ஒன்றுக்கு வாங்கிய டயர் மற்றதில் ஏறாது. வேடிக்கை என்னவென்றால் 700சி என்பதும் 29 இன்ச் என்பதும் பெயரில்தான் வேறு, இரண்டும் 622தான்.

காற்றழுத்தத்துக்கும் அங்கேயே எல்லை எழுதியிருக்கும், பிஎஸ்ஐ-யிலோ பார்-இலோ (1 பார் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ). அதிகபட்ச எண்ணைப் பார்த்து அதுவரை அடிக்க வேண்டும் என்று இல்லை. மெலிந்த ஆளாக இருந்தால், அகலமான டயராக இருந்தால், குறைத்து அடித்தால்தான் குலுங்காமல் போகும். எடை பின்பக்கம்தான் அதிகம் விழும் என்பதால் முன்டயரில் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். ரொம்பக் குறைத்துவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு ஓட்டை விழும். மீட்டர் வைத்த நிற்கும் பம்பு ஒன்று வீட்டில் இருந்தால் இதெல்லாம் தலைவலியே இல்லை. விலையுயர்ந்த ஜெர்சியை விட இதற்குச் செலவழிப்பது மேல் என்பது என் கட்சி.

பஞ்சர் போடக் கற்றுக்கொள்வது தனிப் பாடம், ஆனால் ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புது டியூப் மாட்டி, காற்றடித்து, பெருமையாகக் கிளம்பி ஐந்தே நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கிப்போன அனுபவம் எனக்கு உண்டு. முள் டயருக்குள்ளேயே இருந்தது. டியூபைக் கழற்றியதும் டயரின் உட்புறத்தில் விரலை மெதுவாக, மெதுவாக, ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பாருங்கள். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே ஊசிமுனை அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். வேகமாக ஓட்டினால் விரலைக் கிழித்துவிடும் என்பதால்தான் இரண்டு தடவை மெதுவாக என்கிறேன்.

3. செயினும் கியரும்

செயினில் ஒரு பின்னிலிருந்து (கண்ணிகளைக் கோத்திருக்கும் குட்டி ஆணி) ஒன்று விட்டு அடுத்த பின் வரை சரியாக ஓர் அங்குலம். அதனால் 12 அங்குலம் அளந்தால் புதுச் செயினில் கோடு பின்னின் நடுவிலேயே வந்து விழும். தேய்ந்தால் அந்த ஆணி கோட்டைத் தாண்டிப் போகும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தாண்டியிருந்தால் மாற்ற வேண்டிய நேரம், எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் பின்னாலுள்ள பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டது என்று அர்த்தம், செலவு இரட்டிப்பு. அளக்கும்போது டேப்பின் முனைக்கொக்கியை நம்பாதீர்கள், அது வேண்டுமென்றே லேசாக ஆடும்படி செய்திருப்பார்கள். 1 என்ற கோட்டைப் பின்னின் நடுவில் வைத்து 13 எங்கே வருகிறது என்று பாருங்கள். துணி டேப் இதற்கு உதவாது, அது இழுபடும்.

எண்ணெய் என்றால் ஊற்றுவது இல்லை. ஒவ்வொரு உருளையின் மேலும் ஒரு சொட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கொஞ்ச நேரம் விட்டு, பிறகு பழைய துணியால் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். வெளியே மிஞ்சுகிற எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு அரைக்கும் மாவாகிவிடும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளாக இருந்தால் எண்ணெய்க் கையோடு அந்த வட்டைத் தொடவே தொடாதீர்கள், அப்புறம் பிரேக் பிடிக்காது.

கியரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசலாம், தேவையில்லை. முன்னால் 48 பல், பின்னால் 16 பல் என்றால் நீங்கள் ஒரு சுற்று மிதிக்கும்போது சக்கரம் 3 சுற்று சுற்றும், சைக்கிள் சுமார் 6.3 மீட்டர் போகும். இரண்டிலும் 32 பல் என்றால் 2.1 மீட்டர்தான், ஆனால் மேடேறும்போது கால் கெஞ்சாது. நிமிடத்துக்கு 70, 80 சுற்று லேசாகச் சுற்றுவது, 45 சுற்று முக்கி முக்கி மிதிப்பதைவிட முட்டிக்கு நல்லது. மேட்டுக்கு முன்பே கியரை இறக்குங்கள், பாதி மேட்டில் முழு பலத்தோடு அழுத்திக்கொண்டே மாற்றினால் கடகடவென்று சத்தம் வரும், சில நேரம் செயினே கழன்று வரும்.

பெடலைக் கழற்ற நேர்ந்தால் இது ஞாபகம் இருக்கட்டும்: இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கம்போலத் திருப்பி, "துருப்பிடிச்சுப் போச்சு" என்று இன்னும் பலம் போட்டு இறுக்கிக்கொண்டே போனவர்களில் நானும் ஒருவன்.

4. உடம்பில் போடுவது

ஹெல்மெட் வாங்கும் முன் துணி டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே தலையைச் சுற்றிப் பிடித்து அளந்துகொள்ளுங்கள், சைஸ் எல்லாம் சென்டிமீட்டரில்தான் இருக்கும். போட்டதும் ஹெல்மெட் விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்க வேண்டும். வார் இரண்டும் காதுக்குக் கீழே வி போலச் சேர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். நெற்றி முழுவதும் தெரிகிற மாதிரி பின்னால் தள்ளிப் போட்டால் முன்னால் விழும்போது அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள், உள்ளேயிருக்கும் நுரை நசுங்கியது திரும்ப எழாது.

யாரும் கேட்கக் கூச்சப்படுகிற ஒன்று: பேடு வைத்த டிரவுசருக்குள் ஜட்டி போடக்கூடாது. தையல்கள் உராய்ந்து புண்ணாகாமல் இருக்கத்தான் அந்த பேடே. பேன்ட் போட்டு ஓட்டுகிறவர்கள் செயின் பக்கத்துக் காலை மட்டும் மடித்தோ கிளிப் போட்டோ விடுங்கள். முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு. மற்றவை எல்லாம் ஒரு மாதம் ஓட்டிய பிறகு எது வேண்டும் என்று உடம்பே சொல்லும்.

5. குடும்பத்தோடு கிளம்பும் நாள்

இங்கேதான் அனுபவசாலிகளே சறுக்குவார்கள். தனியாக 60 கிலோமீட்டர் போகிறவர், பிள்ளைகளோடு 20 தானே என்று கணக்குப் போடுவார். சின்னப் பிள்ளை மணிக்கு 8, 10 கிலோமீட்டர் போனால் பெரிது, அதுவும் தட்டான், குட்டை, பூனை ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று. 10 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்திலேயே மெதுவாகப் போகிறவர் யாரோ அவர்தான் அன்றைய தலைவர். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, போகும்போது எதிர்க்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் வரும்படி வழியை வையுங்கள். "இன்னும் போலாம்ப்பா" என்று பிள்ளை சொல்லும்போதே திரும்பிவிடுங்கள், "வலிக்குது" என்று சொல்லும்போது திரும்பினால் இன்னும் பாதித் தூரம் மிச்சமிருக்கும்.

பிள்ளைக்கு சைக்கிள் வாங்கும்போது வயதைப் பார்க்காதீர்கள், கால் நீளத்தை அளங்கள், அதே புத்தக வித்தைதான். தொடக்கத்தில் சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் படியட்டும், பெரியவர்களுக்குச் சொன்ன விதி இங்கே செல்லாது. வளர்ந்த பிறகும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கிவிட்டு, பயத்தில் பிள்ளை அதைத் தொடாமல் போன கதைகள் நிறைய. எடையையும் பாருங்கள்: 20 கிலோ பிள்ளைக்கு 9 கிலோ சைக்கிள் என்றால், 70 கிலோ ஆள் 31.5 கிலோ சைக்கிளை மிதிப்பதற்குச் சமம். நாம் மிதிப்போமா?

பக்கச் சக்கரங்களை விட, பெடலே இல்லாமல் காலால் உந்தி ஓட்டும் வண்டியில் பழகும் பிள்ளை சீக்கிரம் கற்றுக்கொள்ளும், ஏனென்றால் கஷ்டமான பாகம் சமநிலைதான், மிதிப்பது இல்லை. இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1817-ல் ஜெர்மனியில் மன்ஹைம் நகரத்தில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டியே பெடல் இல்லாததுதான். தனி வண்டி வாங்கவும் தேவையில்லை, இருக்கும் சைக்கிளின் இரண்டு பெடலையும் கழற்றி சீட்டை இறக்கிவிட்டால் போதும். (இடது மரை!)

சைக்கிளில் கட்டும் குழந்தை சீட்டில் ஒரு வயதுக்கு முன் ஏற்ற வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. தலையைத் தானாகத் தாங்கவும் ஹெல்மெட்டின் எடையைத் தாங்கவும் கழுத்துக்கு பலம் வேண்டும். ஐரோப்பியத் தரப்படி பின்சீட்டுக்கு உச்ச எடை 22 கிலோ, முன்னால் வைப்பதற்கு 15 கிலோ. பிள்ளையை ஏற்றும் முன் புத்தகங்கள் அடைத்த பை ஒன்றை, பிள்ளையின் எடைக்கு, அந்த சீட்டில் வாரால் கட்டி காலி இடத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நிறுத்தும்போது சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் எவ்வளவு இழுக்கும் என்று அப்போதுதான் தெரியும். உங்கள் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருந்தால் மூடிவிடுங்கள், பின்னால் உட்கார்ந்த பிஞ்சு விரல் நேராக அங்கேதான் போகும். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பிள்ளையை சீட்டில் விட்டுவிட்டு, "இதோ பூட்டிட்டு வரேன்" என்று ஒரு எட்டு கூடத் தள்ளிப் போகாதீர்கள். பிள்ளையோடு சேர்த்து விழும் சைக்கிளில் முக்கால்வாசி இப்படி நின்றுகொண்டிருக்கும்போது விழுவதுதான் என்பது நான் பார்த்தவரை.

இன்னொன்று, நீங்கள் மிதித்து வியர்த்துக்கொண்டிருப்பீர்கள், பின்னால் இருப்பவர் அசையாமல் காற்றை வாங்கிக்கொண்டிருப்பார். உங்களுக்குப் புழுக்கமாக இருக்கும்போது அவருக்குக் குளிரும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி கையைத் தொட்டுப் பாருங்கள், தூங்கித் தலை தொங்கியிருந்தால் அன்றைய பயணம் அத்தோடு முடிந்தது.

தானாக ஓட்டும் பிள்ளைகளோடு ஒரே ஒரு பெரியவர் போனால் பின்னால் போங்கள், முன்னால் போனால் பின்னால் நடப்பது தெரியாது. இரண்டு பேர் என்றால் முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர். சாலைச் சந்திப்பில் எல்லோரும் இறங்கி, தள்ளிக்கொண்டு சேர்ந்தே கடப்பது என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஒவ்வொரு சைக்கிளிலும் மூன்றே விஷயம்: காற்று, பிரேக், செயின். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி பிரேக் பிடித்துப் பார்ப்பதை பிள்ளையையே செய்ய விடுங்கள், அவர்கள் நம்மைவிடக் கறாராகச் சோதிப்பார்கள்.

6. கடைசியாகத்தான் கம்ப்யூட்டர்

மலிவான சைக்கிள் கம்ப்யூட்டர் செய்வது எளிய கணக்கு. ஸ்போக்ஸ் கம்பியில் ஒரு காந்தம், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஒரு உணரி. காந்தம் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று என்று எண்ணி, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்குகிறது. அந்தச் சுற்றளவை அதற்குச் சொல்ல வேண்டியது நாம்தான். ஒருமுறை நண்பரின் பெரிய சக்கர சைக்கிளிலிருந்து கழற்றிய கம்ப்யூட்டரை என் சின்னச் சக்கர மடிப்பு சைக்கிளில் அப்படியே மாட்டிக்கொண்டேன். அதில் 2105 மி.மீ. என்று இருந்தது, என் சக்கரமோ சுமார் 1515. மணிக்கு 18-ல் உருட்டிக்கொண்டிருந்தவனை அது 25 என்று சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்டது. மூன்று வாரம் நான் நடந்துகொண்ட விதம் வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

அளப்பது இப்படி. வழக்கமாக ஓட்டும் அளவுக்குக் காற்றடித்து, சமதரையில் முன்சக்கரத்தின் வால்வு நேர் கீழே வரும்படி நிறுத்தி, அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. சீட்டில் உட்கார்ந்துகொண்டே (எடையில் டயர் கொஞ்சம் அமுங்கும், அதுதான் நிஜ அளவு) யாராவது பிடித்துக்கொள்ள நேராக முன்னால் உருட்டி, வால்வு மறுபடி நேர் கீழே வந்ததும் அடுத்த கோடு. இரண்டுக்கும் நடுவே டேப். பொறுமை இருந்தால் ஐந்து சுற்று உருட்டி ஐந்தால் வகுங்கள், இன்னும் துல்லியம். சோம்பலாக இருந்தால் அந்த டயர் எண்ணை எடுங்கள்: 37-622 என்றால் 622-உடன் 37-ஐ இரண்டு முறை கூட்டி 696, அதை 3.1416ஆல் பெருக்கினால் சுமார் 2187 மி.மீ. உட்கார்ந்தால் இதைவிடக் கொஞ்சம் குறையும்.

வேகம் திடீரென்று பூஜ்யமானால் முதலில் காந்தம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பத்தில் ஒன்பது தடவை அதுதான். இரவில் மட்டும் பைத்தியக்கார வேகம் காட்டினால், கம்பியில்லாத மலிவு வகைக்கு எல்இடி லைட்டின் மின்குறுக்கீடு பிடிக்காது, லைட்டைக் கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள்.

ஜிபிஎஸ் வகைக்குச் சுற்றளவு தேவையில்லை, ஆனால் சுரங்கப்பாதையிலும் அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் தடுமாறும். மேடேறிய உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துச் சொல்லும் கருவிகள் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்புவதைவிடத் தேவலாம், ஆனால் வானிலை மாறினால் அதுவும் உளறும், உட்கார்ந்த இடத்திலேயே மலையேறியதாகக் காட்டும். போனையே பயன்படுத்தினாலும் போதும், திரையை அணைத்து வைத்து, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் பேட்டரி தாங்கும்.

பயணப் பதிவுகளைச் செயலியில் மட்டும் விட்டுவைக்காமல் ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கி, தேதியைப் பெயராக வைத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு வையுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்புதான், எந்தச் செயலி மூடப்பட்டாலும் பிறகும் திறக்கும். பகிர்வதற்கு முன் வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். பயணப் பதிவுச் செயலியான ஸ்ட்ராவா, பயனர்கள் போன வழிகளைத் தொகுத்து வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் நடைபாதைகள் வெளிச்சம் போட்டுத் தெரிந்தது 2018 ஜனவரியில் செய்தியானது. முகாமே தெரியும்போது நம் வாசல் எம்மாத்திரம்? பிள்ளைகள் போகும் வழியைப் பொதுவில் போடவே வேண்டாம்.

குடும்பப் பயணத்தன்று என் கம்ப்யூட்டரை மகளின் ஹேண்டில்பாருக்கு மாற்றிவிடுவேன், இந்த முறை மறக்காமல் சுற்றளவையும் மாற்றி. வேகத்தை மறைத்து தூரம் மட்டும் தெரியும்படி வைத்தால் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே ஓட்ட மாட்டாள். எங்கே நிற்பது என்பதை அவளே முடிவு செய்வாள்.

பேட்டரி மாற்றும்போது பல மாடல்களில் எல்லாம் அழிந்து பூஜ்யத்துக்குப் போய்விடும். அதனால் மொத்த தூரத்தையும் சுற்றளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கம்ப்யூட்டர் மாட்டும் தாங்கியின் அடியில் ஒட்டிவிடுங்கள். பெரும்பாலும் சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரிதான் இருக்கும். கழற்றிய பழையதை மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுவிடும், விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேரே மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். பழையதன் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வையுங்கள். இது ஒட்டுகிற டேப்.